ரிமோட் குண்டும் ஜாமரும்: பாதுகாப்புப் படையினரின் பயிற்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரதமரோ குடியரசுத் தலைவரோ நம் ஊர்ப் பக்கம் வரும்போது, கான்வாயில் கூரைமேல் வரிசையாகக் கம்பிகளை நட்டுக்கொண்டு ஒரு வண்டி போவதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் ஜாமர் வண்டி. அது என்ன செய்கிறது, அதற்குள் உட்கார்ந்திருப்பவர் என்ன கற்றுக்கொண்டு வந்திருக்கிறார், அது இருந்தும் ஏன் சில இடங்களில் உயிர் போனது என்று பலரும் கேட்பதுண்டு. அந்தக் கேள்விகளுக்குத்தான் இங்கே பதில்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குண்டு எப்படி இயங்குகிறது, எந்த அலைவரிசை, ஜாமரை எப்படி ஏமாற்றுவது போன்ற விவரங்கள் இங்கே இருக்காது. காப்பாற்றும் வேலையில் இருப்பவர்களையும், அந்த வேலையைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்களையும் மனத்தில் வைத்து எழுதியது இது.

ஜாமர் உண்மையில் என்ன செய்கிறது?

கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் கொட்டுவார்கள். அந்த நேரத்தில் யாராவது அபசகுனமாக ஒரு வார்த்தை பேசினாலும் அது மணமக்கள் காதில் விழக்கூடாது என்பதுதான் காரணம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஜாமர் செய்வதும் அதே வேலைதான். தூரத்தில் ஒருவர் ரிமோட்டை அழுத்துகிறார். அந்தக் கட்டளை ரேடியோ அலையாக வந்து குண்டோடு இணைத்த ரிசீவரை எட்ட வேண்டும். ஜாமர் அதே அலைவரிசையில் பெரிய இரைச்சலைக் கொட்டுகிறது. ரிசீவருக்குக் கட்டளை எது, இரைச்சல் எது என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போகிறது. அவ்வளவுதான்.

இதில் பலர் தவறாக நினைப்பது ஒன்று உண்டு. பட்டனை அழுத்துபவரின் கையில் இருக்கும் ரிமோட்டை ஜாமர் முடக்குவதில்லை. அது தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டுதான் இருக்கும். இரைச்சல் போய்ச் சேர வேண்டிய இடம் கேட்கும் காது, அதாவது ரிசீவர். மேளம் மணமேடைக்குப் பக்கத்தில் ஒலிக்க வேண்டும், மண்டபத்து வாசலில் ஒலித்துப் பயனில்லை. அதனால்தான் ஜாமர் வண்டி காக்கப்பட வேண்டியவரின் காரை ஒட்டியே ஓடுகிறது.

தூரம் இரண்டு மடங்கானால் அலையின் வலிமை திறந்தவெளியில்கூட நாலில் ஒரு பங்காகிவிடும். நடுவில் கட்டடம், மண்மேடு, லாரி என்று எது வந்தாலும் இன்னும் குறையும். ஆக, ஜாமரின் பாதுகாப்பு சுவர் மாதிரி ஓரிடத்தில் நிற்பதில்லை. வண்டியோடு சேர்ந்து நகரும், அடிக்கடி உருமாறும் ஒரு குமிழி அது. அந்தக் குமிழியின் விளிம்பு எங்கே முடிகிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. பயிற்சியின் பாதி, பார்க்க முடியாத அந்த விளிம்பை மனத்தில் வரைந்துகொள்ளப் பழகுவதுதான்.

கான்வாய் போகும்போது என் போனில் சிக்னல் போவது இதனால்தானா?

பெரும்பாலும் ஆமாம். ஒருமுறை நெடுஞ்சாலை ஓரத்தில் போலீஸ்காரர் எங்களை நிறுத்தி வைத்திருந்தார். பக்கத்தில் நின்றவர் போனில் பேசிக்கொண்டே இருந்தார். கார்கள் வரிசையாக விர்ரென்று கடந்தன. அவர் “ஹலோ, ஹலோ” என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். கட்டங்கள் எல்லாம் காணாமல் போயிருந்தன. அரை நிமிடத்தில் திரும்பி வந்தன. அந்த அரை நிமிடம்தான் மேலே சொன்ன குமிழி அவரைக் கடந்து போன நேரம். போனுக்கு எந்தக் கெடுதலும் இல்லை.

இது எங்கே தொடங்கியது?

இன்றைக்குப் பயிற்சிப் பள்ளிகளில் சொல்லித் தருவதில் பெரும்பகுதி வட அயர்லாந்தில் ரத்தம் கொடுத்துக் கற்ற பாடம். 1970-களில், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ. அமைப்பு ரேடியோவால் வெடிக்கும் குண்டுகளைப் பயன்படுத்தத் தொடங்கியது. பிரிட்டிஷ் ராணுவம் அதற்கு மின்னணுத் தடுப்பைக் கொண்டு வந்தது. அவர்கள் வேறு வழிக்கு மாறினார்கள். இவர்கள் மறுபடியும் தடுத்தார்கள். இந்தத் துரத்தல் பல வருடம் நடந்தது.

அங்கே வெடிகுண்டு செயலிழப்புக் குழு போகும்போது சிறு அணியாகத்தான் போகும். குண்டுக்குப் பக்கத்தில் போகிற நிபுணர், அவருடைய உதவியாளர், காவலுக்குத் துணைவீரர்கள், அப்புறம் சிக்னல் படைப்பிரிவிலிருந்து ஒருவர். இந்தக் கடைசி ஆளுக்கு அவர்கள் வைத்த செல்லப்பெயர் ‘ப்ளீப்’. மின்னணுத் தடுப்புக் கருவி அவருடைய பொறுப்பு. நிபுணர் கனமான கவச உடையில் தனியாகக் குண்டை நோக்கி நடந்து போகும் அந்த நேரத்தில், அவரை அலைகளிலிருந்து காப்பது ப்ளீப் ஒருவர்தான். அவர் வேலையில் தப்பு நடந்தால் செத்துப்போவது அவர் இல்லை, நண்பர். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால், பயிற்சி ஏன் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

1979 ஆகஸ்ட் 27 அன்று நடந்ததைச் சொல்லாமல் இந்தப் பயிற்சி எங்கும் முழுமையாகாது. அன்று வாரன்பாயிண்ட் அருகே நேரோ வாட்டர் என்ற இடத்தில், வைக்கோல் கட்டுகள் ஏற்றிய ஒரு டிரெய்லர் சாலையோரம் நின்றது. ராணுவ வண்டிகள் கடந்தபோது அது வெடித்தது. 6 வீரர்கள் இறந்தார்கள். உதவிக்கு வந்தவர்கள் பக்கத்திலிருந்த கோட்டை வாயில் கட்டடத்தருகே கூடித் தங்கள் கட்டுப்பாட்டு இடத்தை அமைத்தார்கள். 32 நிமிடம் கழித்து இரண்டாவது குண்டு அங்கேயே வெடித்தது. இன்னும் 12 பேர். முதல் குண்டு வெடித்தால் படையினர் எங்கே போய்க் கூடுவார்கள் என்று யாரோ முன்கூட்டியே உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். அதே நாளில்தான், இந்தியாவின் கடைசி வைஸ்ராயாக இருந்த மவுண்ட்பேட்டனும் அயர்லாந்துக் கடற்கரையில் தன் மீன்பிடிப் படகில் ரிமோட் குண்டால் கொல்லப்பட்டார்.

ஈராக்கில் அமெரிக்காவிடம் கருவி இருந்ததே, ஏன் தடுமாறினார்கள்?

இந்தத் துறையில் இருப்பவர்கள் மறுபடி மறுபடி படிக்க வேண்டிய கதை இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2003-ல் ஈராக்குக்குள் போனபோது, சாலையோர குண்டு இவ்வளவு பெரிய ஆபத்தாகும் என்று அமெரிக்கத் தரைப்படை எதிர்பார்க்கவில்லை. அவசரத்துக்குக் கையில் கிடைத்தது ‘ஷார்ட்ஸ்டாப்’ என்ற பழைய கருவி. அது இந்த வேலைக்காகச் செய்ததே இல்லை. பறந்து வரும் பீரங்கிக் குண்டின் மின்னணுத் திரியைக் குழப்புவதற்காக முன்பு உருவாக்கியது. அதை மாற்றி ‘வார்லாக்’ என்ற பெயரில் வண்டிகளில் பொருத்தினார்கள். பிறகு ‘டியூக்’, ‘தோர்’ என்று விதவிதமாக வந்தன. தோர் முதுகில் சுமந்து போகக்கூடியது.

பணத்துக்குக் குறையில்லை. 2006-ல் இதற்கென்றே ‘ஜேய்டோ’ என்ற தனி அமைப்பைப் பென்டகன் உருவாக்கிப் பல நூறு கோடி டாலரைக் கொட்டியது. ஆனால் களத்தில் நடந்தது என்ன? ஜாமரை ஓட்டினால் சொந்த ரேடியோ வேலை செய்யாமல் போனது. முன்னால் போகும் வண்டியோடு பேச முடியவில்லை. ஒரு வண்டியின் ஜாமர் இன்னொரு வண்டியின் ஜாமரோடு மோதியது. எதிரி சுடும்போது உதவி கேட்கக்கூட முடியாத நிலையில், சில வீரர்கள் ஜாமரை அணைத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே வாய் பேச முடியாமல் நிற்பவன் என்ன செய்வான்? கருவியைக் கொடுத்தவர்கள், அதோடு எப்படி வாழ்வது என்று சொல்லிக்கொடுக்கவில்லை. பலர் அந்தப் பெட்டியை முதன்முதலாகக் கண்ணால் பார்த்ததே ஈராக்கில் இறங்கிய பிறகுதான்.

பனிப்போர் முடிந்த பிறகு அமெரிக்கத் தரைப்படை மின்னணுப் போர் என்ற கலையையே, அதாவது எதிரியின் அலைகளை மறித்துக் குழப்பும் வித்தையையே, கைவிட்டிருந்தது. அந்த அறிவு கடற்படையிடமும் விமானப்படையிடமும்தான் மிச்சம் இருந்தது. அதனால் 2006-ல் வினோதமான ஒரு முடிவை எடுத்தார்கள். கப்பலிலும் விமானத்திலும் வேலை பார்த்த கடற்படை மின்னணுப் போர் நிபுணர்களை நூற்றுக்கணக்கில் ஈராக் பாலைவனத்துக்கு அனுப்பினார்கள். அவர்கள் தரைப்படைப் பிரிவு ஒவ்வொன்றோடும் போய்த் தங்கி, எந்த ஜாமரை எந்த வண்டியில் வைப்பது, எந்த ரேடியோவோடு எப்படி ஒத்துப்போக வைப்பது, வண்டிகளுக்கு இடையே எவ்வளவு தூரம் விடுவது என்று உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள். அடுத்த தலைமுறைக் கருவிகள் வந்தது ஒரு பக்கம் உதவியது, சரி. ஆனால் பெட்டிக்குப் பக்கத்தில் விஷயம் தெரிந்த ஒரு ஆள் நின்றதுதான் பெரிய மாற்றம் என்று நான் நினைக்கிறேன். 2009-ல் தரைப்படை மின்னணுப் போருக்கென்று தனியாகவே ஒரு பணிப்பிரிவைத் தொடங்கியது. யுத்தம் ஆரம்பித்து ஆறு வருடம் கழித்து!

ஜாமர் ஆபரேட்டருக்கு என்னதான் பயிற்சி கொடுக்கிறார்கள்?

ஒவ்வொரு நாட்டுக்கும் அதன் முறை உண்டு. பொதுவாக எங்கும் இருப்பவற்றைச் சொல்கிறேன்.

முதலில் அடிப்படைப் பாடம்: அலை என்றால் என்ன, அலைவரிசை, ஆன்டெனா, தூரம் கூடினால் என்ன ஆகும், மலைச்சரிவில் என்ன ஆகும். இதை எத்தனை நாள் கரும்பலகையில் எழுதிப்போட்டாலும் பாதிப் பேர் மண்டையில் ஏறாது. கையில் ஒரு சிக்னல் மீட்டரைக் கொடுத்து வண்டியைச் சுற்றி நடக்கச் சொன்னால் பத்து நிமிடத்தில் ஏறிவிடும். வண்டிக்குப் பின்னால் போனதும் முள் சரிகிறது. ஒரு சுவரைத் தாண்டியதும் இன்னும் சரிகிறது. அப்போது முகத்தில் ஒரு மாற்றம் தெரியும். “அட, இந்தப் பக்கம் ஒன்றுமே இல்லையே!” அந்தக் கணத்துக்கு அப்புறம் அந்த ஆள் வண்டியை எங்கே நிறுத்துகிறோம் என்று யோசிக்காமல் நிறுத்த மாட்டார்.

அடுத்தது தினசரிச் சோதனை. கேட்டைத் தாண்டி வண்டி வெளியே போவதற்கு முன்பே ஜாமர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஆபரேட்டர் கூரைமேல் ஏறி ஒவ்வொரு ஆன்டெனாவின் அடியையும் கையால் திருகிப் பார்க்க வேண்டும். கேபிள் இணைப்புகளை விரலால் தடவிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் குண்டும் குழியுமான சாலையில் வண்டி குலுங்கக் குலுங்க அவை தாமாகவே தளரும். கருவி சூடாகிறதா, காற்று போகும் வழியில் யாராவது பையை வைத்திருக்கிறார்களா, பேட்டரி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது என்பதால் அலை வெளியே போகிறது என்று அர்த்தமில்லை. நல்ல பயிற்றுநர் ஒருவர் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு கேபிளைத் தளர்த்தி வைத்துவிட்டுக் காலையில் பேசாமல் ஓரமாக நிற்பார். கண்டுபிடிக்காமல் கிளம்பியவர் அந்தப் பயிற்சியில் ‘செத்துப்போனவர்’. ஒருதடவை அப்படிச் செத்தவர் அப்புறம் ஆயுசுக்கும் கேபிளைத் தடவிப் பார்க்காமல் வண்டியில் ஏற மாட்டார்.

மூன்றாவது, பேச்சுத் திட்டம். ஜாமர் ஓடும்போது எந்த ரேடியோ வேலை செய்யும், எது செய்யாது, எதுவுமே செய்யாவிட்டால் கைச்சைகையா, விளக்கா, ஹாரனா? இதைக் கிளம்புவதற்கு முன்பே எல்லாரும் சேர்ந்து பேசி முடித்திருக்க வேண்டும். ஈராக்கில் கோட்டை விட்டது இங்கேதான்.

நான்காவது, ஜாமர் பாதி வழியில் நின்றுபோனால் என்ன செய்வது. தொடர்வதா, திரும்புவதா, வேறு பாதையா, முடிவெடுப்பது யார்? ஆபரேட்டர் வயதிலும் பதவியிலும் சின்னவராகத்தான் இருப்பார். ஆனாலும் “சார், ஜாமர் போச்சு” என்று அவர் சத்தமாகச் சொல்லத் தயங்கக்கூடாது, சொன்னதற்காக யாரும் அவரைத் திட்டவும் கூடாது. இதைப் பயிற்சி என்றே பல இடங்களில் எண்ணுவதில்லை. என்னைக் கேட்டால் இதுதான் முதல் பாடம்.

அப்புறம் கண். பிரிட்டிஷ் வீரர்களுக்கு ஒரு பழக்கத்தை எலும்பில் ஏற்றி அனுப்புவார்கள்: வண்டி நின்றதும் இறங்குவதற்கு முன் சுற்றிலும் 5 மீட்டருக்குள் உற்றுப் பார், அதிக நேரம் நின்றால் 20 மீட்டர்வரை தேடு. புதிதாகத் தோண்டிய மண், இடம் மாறிய கல், எப்போதும் குழந்தைகள் விளையாடும் தெருவில் இன்று யாருமே இல்லாதது. ஜாமருக்கு இதெல்லாம் தெரியாது. கிராமத்துப் பாட்டிக்குத் தெரியும், நல்ல வீரனுக்கும் தெரிய வேண்டும்.

இந்தப் பயிற்சியை எங்கே நடத்துகிறார்கள்? ஊருக்குள் ஜாமரை ஓட்ட முடியுமா?

முடியாது, ஓட்டவும் கூடாது. மக்களின் போன், ஆம்புலன்ஸ் அழைப்பு, விமானத்தின் வழிகாட்டு சிக்னல் எல்லாம் கெடலாம். அதனால் நிஜமாக அலை வெளியிடும் பயிற்சியை ஆள் நடமாட்டம் இல்லாத பெரிய மைதானங்களிலோ, அலை வெளியே கசியாத அறைகளிலோ மட்டும் நடத்துவார்கள். அமெரிக்கா அரிசோனாவில் உள்ள யூமா பாலைவனச் சோதனைக்களத்தையும், கலிபோர்னியாவின் சைனா லேக் தளத்தையும் இதற்குப் பயன்படுத்தியது. மற்ற நாட்களில் அலை வெளிவிடாத மாதிரிப் பெட்டியை வைத்துப் பழகுவார்கள்.

ஜாமர் இருந்தால் குண்டு வெடிக்கவே வெடிக்காதா?

வெடிக்கும். இதற்கு இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

2003 டிசம்பர் 14 அன்று பாகிஸ்தான் அதிபர் முஷாரஃபின் கான்வாய் ராவல்பிண்டியில் ஒரு பாலத்தைக் கடந்தது. அவர் கடந்துபோன சற்று நேரத்தில் பாலம் வெடித்துச் சிதறியது. வண்டியில் இருந்த ஜாமர்தான் வெடிப்பைத் தாமதப்படுத்தி அவரைக் காப்பாற்றியது என்று அதிகாரிகள் சொன்னார்கள். ஜாமருக்குக் கிடைத்த மிகப் பெரிய பெயர் அது. சரியாகப் பதினோரு நாள் கழித்து, டிசம்பர் 25 அன்று, அதே ராவல்பிண்டியில் அதே கான்வாய்மீது தற்கொலைப் படையினர் வெடிபொருள் நிரப்பிய வண்டிகளை மோதினார்கள். வண்டி ஓட்டி வந்த ஆளே பட்டனை அழுத்தும்போது, நடுவில் மறிக்க அலை எங்கே இருக்கிறது? முஷாரஃப் தப்பினார். வழியில் இருந்த பலர் இறந்தார்கள்.

2005 பிப்ரவரி 14. லெபனான் நாட்டின் முன்னாள் பிரதமர் ரஃபீக் ஹரிரி பெய்ரூட் கடற்கரைச் சாலையில் போய்க்கொண்டிருந்தார். அவருடைய வாகனங்களில் ஜாமர் இருந்தது. சாலையோரம் வெடிபொருள் ஏற்றி நிறுத்தியிருந்த லாரி வெடித்தது. ஹரிரியோடு சேர்த்து 22 பேர் இறந்தார்கள். அந்த லாரியை வெடிக்கச் செய்தவன் தற்கொலைப் படை ஆள் என்பது பின்னர் சர்வதேசத் தீர்ப்பாயம் வந்து சேர்ந்த முடிவு.

ஜாமர் ஒரு கதவைத்தான் அடைக்கிறது. வயர் இழுத்து வெடிப்பது, மிதித்தால் வெடிப்பது, நேரம் வைத்து வெடிப்பது, ஆளே வெடிப்பது என்று மற்ற கதவுகள் திறந்தே இருக்கின்றன. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் ரேடியோ வழி அடைபட அடைபட, எதிரிகள் வயருக்கும் மிதிதகட்டுக்கும் போனார்கள். ‘ஜாமர் இருக்கிறதே’ என்று கண்ணை மூடிக்கொண்டு போன படைக்கு அதுவே எமன்.

ஸ்ரீபெரும்புதூரில் ஜாமர் இருந்திருந்தால் ராஜீவ் காந்தி பிழைத்திருப்பாரா?

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு வந்தாலே யாராவது இதைக் கேட்டுவிடுவார்கள். இல்லை, ஜாமர் உதவியிருக்காது. 1991 மே 21 அன்று குண்டு அந்தப் பெண்ணின் இடுப்புப் பட்டையில் இருந்தது. சுவிட்சை அழுத்தியதும் அவரேதான். தடுத்திருக்க வேண்டிய இடம் மேடைக்கு முந்தைய வரிசை: யார் மாலை போட வருகிறார்கள், சோதித்துப் பார்த்தார்களா, எவ்வளவு பக்கத்தில் விடுகிறார்கள். 1998 பிப்ரவரி 14 கோவை தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்தார்களே, அங்கேயும் நேரம் வைத்த குண்டுகள்தான் வெடித்தன. நம் ஊரின் இரண்டு பெரிய காயங்களிலும் ஜாமருக்கு வேலையே இருந்திருக்காது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், கருவி வாங்கிவிட்டோம் என்ற நிம்மதி யாருக்கும் வராது.

இந்தியாவில் இந்தப் பயிற்சி எப்படி இருக்கிறது?

தேசியப் பாதுகாப்புப் படையான என்.எஸ்.ஜி.யின் கீழ், ஹரியானாவின் மானேசரில் தேசிய வெடிகுண்டுத் தரவு மையம் இயங்குகிறது. நாட்டில் எங்கே குண்டு வெடித்தாலும் அதன் தடயங்களைப் படித்துத் தொகுப்பது அதன் வேலை. மத்திய ரிசர்வ் போலீஸ் படை புனே அருகே தளேகாவில் இந்த வகைக் குண்டுகளைச் சமாளிப்பதற்கென்றே ஒரு பயிற்சி நிலையம் நடத்துகிறது. மாநிலப் போலீசிலும் வெடிகுண்டு கண்டறிந்து செயலிழக்கச் செய்யும் பிரிவுகள் உண்டு.

சத்தீஸ்கரின் பஸ்தர் காட்டுப் பகுதியில் மாவோயிஸ்டுகளின் குண்டுகளில் பெரும்பாலானவை வயராலோ அழுத்தத்தாலோ வெடிப்பவை. சாலைக்கு அடியில் எப்போதோ புதைத்து, மேலே தார் போட்டு மூடியவையும் உண்டு. 2023 ஏப்ரலில் தந்தேவாடாவில் அப்படி ஒரு வெடிப்பில் 10 போலீஸ்காரர்களும் அவர்களுடைய டிரைவரும் இறந்தார்கள். அங்கே உயிரைக் காப்பது ஜாமரைவிட மோப்ப நாயும், மெட்டல் டிடெக்டரும், கால்நடையாகவே முன்னால் போய்ச் சாலையைச் சோதிக்கும் குழுவும்தான். 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் 40 ரிசர்வ் போலீஸ்காரர்களைக் கொன்றது வெடிபொருள் நிரப்பிய கார். அதை ஓட்டி வந்தவனும் தற்கொலைப் படை ஆள்.

வெடித்த குண்டின் துண்டுகளை ஏன் அவ்வளவு கவனமாகப் பொறுக்குகிறார்கள்?

அடுத்த ஜாமர் அதிலிருந்துதான் பிறக்கிறது. ஜாமர் எல்லா அலையையும் ஒரே நேரத்தில் முழு பலத்தோடு அடைக்க முடியாது. எதை அடைக்க வேண்டும் என்று அதற்குச் சொல்லித்தர வேண்டும். அதற்குக் குண்டு வைப்பவர்கள் இப்போது எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று தெரிய வேண்டும். பாக்தாத்தில் 2003-லேயே இதற்கென்று ஒரு ஆய்வுக்கூடம் அமைத்தார்கள். நகத்தளவு சர்க்யூட் துண்டு, உருகிய பிளாஸ்டிக், டேப்பின் ஒட்டும் பக்கத்தில் ஒரு விரல்ரேகை. சர்க்யூட் ஜாமர் ஆட்களுக்குப் போகும், ரேகை புலனாய்வு ஆட்களுக்குப் போகும். குண்டு வெடித்த இடத்தில் வேடிக்கை பார்க்கக் கூட்டமாக நுழைந்து மிதிக்கும் ஒவ்வொரு காலும் இந்த அறிவில் ஒரு துண்டை அழிக்கிறது. தயவுசெய்து கயிற்றுக்கு வெளியே நில்லுங்கள்.

ட்ரோனுக்கும் இதே ஜாமர்தானா?

தத்துவம் ஒன்றுதான், கருவிகள் வேறு. உக்ரைன் போரில் இரு தரப்பும் ட்ரோன்களை ஜாமரால் வீழ்த்தத் தொடங்கியதும், மெல்லிய கண்ணாடி இழையைப் பின்னால் விட்டுக்கொண்டே பறக்கும் ட்ரோன்கள் வந்தன. அலையே இல்லை, அதனால் அடைக்கவும் ஒன்றுமில்லை. சாலையோரத்தில் வயருக்கு மாறிய அதே கதை இப்போது வானத்தில் நடக்கிறது.

எங்கள் நிறுவனத்துக்கோ கல்யாண மண்டபத்துக்கோ ஒரு ஜாமர் வாங்கலாமா?

கூடாது, சட்டவிரோதம். இந்தியாவில் தனியாரோ தனிநபரோ ஜாமர் வாங்கவும் வைத்திருக்கவும் முடியாது. அரசின் அனுமதி பெற்ற அமைப்புகளுக்கு மட்டும்தான், அதுவும் மத்திய அமைச்சரவைச் செயலகத்தின் விதிகளின்படி. ஆன்லைனில் விற்பதும் தவறு என்று 2022-ல் தொலைத்தொடர்புத் துறை தெளிவாகவே அறிவித்தது. 2023-ன் தொலைத்தொடர்புச் சட்டமும் அனுமதியின்றி இத்தகைய கருவி வைத்திருப்பதைத் தடை செய்கிறது. சிறைச்சாலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், சிறைக்குள் வைத்த ஜாமரால் தங்கள் வீட்டில் போன் எடுக்காத கஷ்டத்தைச் சொல்வார்கள். முறையாக வைத்ததே அப்படியென்றால், தெரியாதவர் கையில் கிடைத்தால் பக்கத்து வீட்டில் நெஞ்சுவலி வந்தவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட முடியாமல் போகலாம்.

நான் ஒரு தனியார் செக்யூரிட்டி. எனக்கு ஜாமர் இல்லை. நான் என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?

உங்களுக்குத்தான் இந்தப் பக்கத்திலேயே அதிகம் தேவைப்படும் பதில். கேட்டில் நிற்பவர்தான் முதலில் பார்க்கிறார்.

உரிமையாளர் இல்லாத பை, வழக்கமாக நிற்காத இடத்தில் நிற்கும் வண்டி என்று எதையாவது பார்த்தால் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். சுற்றிலும் “இது யாருடையது?” என்று ஒருமுறை கேளுங்கள். பதில் இல்லையா, மக்களை அமைதியாக, ஓடவிடாமல் வெளியே அனுப்புங்கள். அந்தப் பொருளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு போனிலோ வாக்கி-டாக்கியிலோ பேசாதீர்கள். நன்றாகத் தள்ளிப் போய், சுவர் மறைவில் நின்று 112-ஐ அழையுங்கள். என்ன பார்த்தீர்கள், எங்கே, எத்தனை மணிக்கு, கடைசியாக அங்கே யார் இருந்தார்கள் என்று சொல்லுங்கள். போலீஸ் வரும்வரை யாரையும் உள்ளே விடாதீர்கள், முதலாளியாக இருந்தாலும் சரி.

வெளியேற்றிய மக்களை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறீர்கள் என்பதையும் பாருங்கள். பெரும்பாலான கட்டடங்களில் தீயணைப்புப் பயிற்சிக்கு வருஷம்தோறும் ஒரே பார்க்கிங்கில்தான் எல்லாரையும் கூட்டுவார்கள். அது ஊருக்கே தெரிந்த இடம். நேரோ வாட்டரில் அந்த வாயில் கட்டடமும் அப்படித்தான் இருந்தது. ஆட்களை அங்கே நிறுத்துவதற்கு முன், நீங்களே முதலில் போய் அங்கே நிற்கும் வண்டிகளையும், குப்பைத் தொட்டியையும், செடி மறைவையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வாருங்கள்.